ரேபரேலி 1971: தேர்தல் செல்லாது என்றால் எதெல்லாம் செல்லாது?

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாகி விட்டது. வருஷக் கணக்கு முடிப்பு, அதன் பின்னாலேயே ஆடிட், நடுவில் மகளுக்குப் பரீட்சை. மன்னிச்சுக்கோங்க.

லக்னோவில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு யார் வீட்டிலாவது கூடுவது வழக்கம். பெண்களும் ஆண்களும் சேர்ந்து சமையல், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தமிழ் எழுத்து, மீதி நேரம் அரட்டை. போன தடவை எங்கள் வீட்டில். இட்லி காலியானதும் பேச்சு வாக்காளர் பட்டியலுக்குப் போனது. அதிலிருந்து ஒரு தாவு தாவி, சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் ஒரு தம்பி கேட்டார்: "சார், போன பார்லிமென்ட் தேர்தலையே கோர்ட் செல்லாதுன்னு சொல்லிட்டா என்ன ஆகும்? அதுக்கப்புறம் போட்ட சட்டமெல்லாம் காலி தானே? கட்டின வரியைத் திருப்பித் தரணும்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. ரயில்வேயின் ஆர்.டி.எஸ்.ஓ.வில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். 1972ல் வேலைக்காக லக்னோ வந்தவர், இங்கேயே தங்கி விட்டார். "சிரிக்காதீங்க தம்பி. இங்கேருந்து எண்பது கிலோமீட்டர்ல அது நடந்திருக்கு" என்றார்.

அவர் சொன்னது ரேபரேலி. 1971 மார்ச்சில் அங்கே இந்திரா காந்தி, ராஜ் நாராயணை 1,11,810 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ராஜ் நாராயண் வழக்குப் போட்டார். 1975 ஜூன் 12ந் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். ஆறு வருஷம் தேர்தலில் நிற்கவும் தடை. காரணங்கள் இரண்டு. யஷ்பால் கபூர் என்கிற அரசு அதிகாரி, வேலையில் இருக்கும்போதே தேர்தல் வேலை பார்த்தார் என்பது ஒன்று. உத்தரப் பிரதேச அரசு அதிகாரிகளை வைத்து மேடை போட்டு, ஒலிபெருக்கிக்கு மின்சாரம் கொடுத்தார்கள் என்பது இன்னொன்று.

"ஒரு மேடைக்காகப் பிரதமர் பதவியா?" என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. பணம் ஒரு பைசா குறையாவிட்டாலும், இரண்டு பேர் திறக்க வேண்டிய பெட்டகத்தை ஒருத்தர் திறந்தால் எங்கள் பேங்கில் மெமோ நிச்சயம். விதி என்றால் விதிதான். பெரியவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அது எங்களுக்குள் நிரந்தரத் தகராறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1971 மார்ச்சிலிருந்து 1975 ஜூன் வரை நாலு வருஷத்துக்கும் மேல். நடுவில் என்னென்ன நடந்தது? பங்களாதேஷ் போர். மன்னர் மானியம் ஒழிப்பு. 1972ல் சிம்லா ஒப்பந்தம். பொது இன்சூரன்ஸ் கம்பெனிகள் நாட்டுடைமை, பிறகு நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை. 1974 மே 18 பொக்ரான் அணுகுண்டுச் சோதனை. இத்தனைக்கும் தலைமையில் இருந்தவரின் தேர்தலே செல்லாது என்றால் இதெல்லாம்?

நான் அவசரப்பட்டு ஒரு உதாரணம் சொன்னேன். "2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னாங்க. அன்னிக்குக் காலையில அந்த நோட்டைக் கொடுத்து வாங்கின அரிசி செல்லாமப் போச்சா?" (அந்த ஐம்பது நாள் கவுன்ட்டரில் நின்றவன் என்ற உரிமையில் எல்லாவற்றுக்கும் இந்த உதாரணம்தான் எனக்கு வரும்.)

பெரியவர் உடனே பிடித்துக்கொண்டார். "தப்பு தம்பி. அது நல்ல நோட்டு, அப்புறம் செல்லாமப் போச்சு. இது ஆரம்பத்திலேயே கள்ள நோட்டு. நாலு வருஷம் கழிச்சுத்தான் கள்ளன்னு தெரிஞ்சுது."

பதில் சொல்ல முடியவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் பழைய சம்பவம் ஒன்று ஞாபகம் வந்தது.

பல வருஷம் முன்னால் நான் வேலை பார்த்த ஒரு கிளையில், அதிகாரி ஒருவரின் சாதிச் சான்றிதழ் போலி என்று விசாரணையில் முடிவானது. இருபத்து மூன்று வருஷ சர்வீஸ். நியமனமே செல்லாது என்று வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். செய்தி ஊருக்குள் பரவிய ஒரு வாரத்தில் கடன் பாக்கி வைத்திருந்த ஒருத்தர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். கடனை அனுமதித்தவர் அதிகாரியே இல்லை, அதனால் கடனும் கடன் இல்லை என்று! படித்துச் சிரித்தோம். ஆனால் அதற்கு அடுத்த நாள் ஒரு பாட்டி வந்தார். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் வீட்டுப் பத்திரம். அவர் வீட்டுக்காரர் வாங்கிய கடனை முழுசாக அடைத்து, அடமானம் தீர்ந்தது என்று வாங்கிய ரசீதில் இருந்தது அந்த அதிகாரியின் கையெழுத்து. "இது செல்லாதுன்னு சொல்றாங்களேய்யா, வீடு போயிருமா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே இருந்தார்.

இரண்டு பேர் கேட்டதும் ஒரே கேள்விதான். கடன்காரருக்கு "செல்லாது" என்று பதில் சொன்னால் பாட்டிக்கும் அதே பதில். எங்கள் சட்டப் பிரிவு அனுப்பிய பதிலில் ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. 1981, கோகராஜு ரங்கராஜு வழக்கு. ஆந்திராவில் சில செஷன்ஸ் நீதிபதிகளின் நியமனமே சட்டப்படி செல்லாது என்று ஆனபின், அவர்களிடம் தண்டனை பெற்றவர்கள் "அப்படியானால் எங்கள் தண்டனையும் செல்லாது" என்று போனார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி மறுத்து விட்டார். பதவி செல்லுமா என்பது வேறு, அந்தப் பதவியில் இருப்பவராக ஊர் நம்பி, அவர் செய்த காரியம் செல்லுமா என்பது வேறு என்றது தீர்ப்பு. வணிகவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கம்பெனிச் சட்டத்தில் இயக்குநர் நியமனத்தில் கோளாறு என்று பின்னால் தெரிந்தாலும் அதற்கு முன் அவர் செய்தது செல்லும். 1956 சட்டத்தில் 290வது பிரிவு, 2013 சட்டத்தில் 176. கல்லூரியில் மனப்பாடம் செய்தேன். பாட்டி வந்து நின்ற அன்றுதான் எதற்கு என்று புரிந்தது.

தேர்தலுக்கும் இதையே எழுதி வைத்திருக்கிறார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 107: ஒருவரின் தேர்தல் செல்லாது என்று உத்தரவு வந்தாலும், அதற்கு முன் அவர் உறுப்பினராகக் கலந்துகொண்ட நடவடிக்கைகள் செல்லும். கலந்துகொண்டதற்காக அவர்மேல் அபராதமும் போட முடியாது. அரசியல் சட்டம் 100வது பிரிவிலும் அதே கருத்து. குடியரசுத் தலைவருக்குத் தனியாக 71வது பிரிவு: அவர் தேர்தலே ரத்தானாலும் தீர்ப்பு நாள் வரை போட்ட கையெழுத்து செல்லும். இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. வி.வி.கிரியின் 1969 தேர்தலை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவரே வந்து சாட்சி சொன்னார். வழக்கு தள்ளுபடியானது.

இன்னொன்று, அந்தத் தம்பி கேட்ட "மொத்தத் தேர்தலும் செல்லாது" என்பதற்கு நம் சட்டத்தில் வாசலே இல்லை. 543 தொகுதி என்றால் 543 தனித் தேர்தல். ஒவ்வொன்றுக்கும் தனி மனு, முடிவு வந்து 45 நாளுக்குள், உயர் நீதிமன்றத்தில். 1975லும் செல்லாமல் போனது ரேபரேலி மட்டும்தான், 352 இடம் பிடித்த அவர் கட்சியின் பெரும்பான்மை அப்படியேதான் இருந்தது. வேறொருவர் பிரதமராகியிருந்தால் நாடு பாட்டுக்கு ஓடியிருக்கும். தேர்தல் நடக்கும்போது நடுவில் கோர்ட் தலையிட முடியாது, எல்லாம் முடிந்து மனுவாகத்தான் வரணும் என்று 1952லேயே உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு எந்த ஊர்க்காரருடையது தெரியுமா? நம்ம நாமக்கல். வேட்புமனு தள்ளுபடியான பொன்னுசாமி போட்டது.

மொத்தமாக ரத்து செய்யும் நாடுகள் இருக்கின்றன. உக்ரைன் 2004, கென்யா 2017 இரண்டிலும் ஜெயித்தவர் பதவி ஏற்கும் முன்பே ரத்தானதால் பெரிய சிக்கல் இல்லை. குவைத்தில் இருக்கும் நம் ஆட்களுக்கு நினைவிருக்கும். 2012லும் 2023லும் தேர்தலை ரத்து செய்து, கலைக்கப்பட்ட பழைய நாடாளுமன்றத்தையே கோர்ட் திரும்பக் கூட்டி வந்தது. மாலாவி கதை இன்னும் சுவாரசியம். 2019 மே மாதம் நடந்த அதிபர் தேர்தலை, அவர் எட்டு மாதம் ஆண்ட பிறகு 2020 பிப்ரவரி 3ல் ரத்து செய்தார்கள். காரணங்களில் ஒன்று, ஓட்டுக் கணக்குத் தாள்களில் வெள்ளை மை பூசித் திருத்தியது! (எங்கள் கிளையில் லெட்ஜரில் வைட்னர் தடவியவர் கதியை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) தேர்தல் ரத்தானதும் துணை அதிபர் நாற்காலியில் இருந்தவர் இறங்க, பழைய துணை அதிபர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஜூனில் மறுதேர்தல், எதிர்க்கட்சி ஜெயித்தது. தேர்தல் நடந்து பதின்மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்தது. ஏழை நாடு, நம்மைவிட வேகம்.

என் ஆத்திரம் இந்த வேகத்தைப் பற்றித்தான். செய்த காரியம் செல்லும் என்ற விதி நியாயமானது, பாட்டியின் வீட்டைக் காப்பாற்றும் விதி. ஆனால் அந்த விதி இருக்கும் இடத்தில் தீர்ப்பு தாமதமானால் லாபம் யாருக்கு? தப்பாக உள்ளே வந்தவர் ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் அவருக்கு வரவு. தீர்ப்பு பின்னோக்கிப் பாயாது, முன்னால் மிச்சமிருக்கும் நாளைத்தான் வெட்டும். மிச்சமே இல்லையென்றால் எதை வெட்டும்? மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயற்சி செய்யணும் என்று சட்டம் சொல்கிறது. அந்த "முயற்சி" என்ற சொல்லில்தான் எல்லாம் தொலைகிறது. ரேபரேலிக்கு நாலு வருஷம் ஆனது. நம்ம ராதாபுரத்தில் 2016ல் வெறும் 49 ஓட்டு வித்தியாசம். 2019ல் உயர் நீதிமன்றம் சொல்லி மறுபடி எண்ணியும் விட்டார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட, 2021ல் சட்டமன்றமே முடிந்து போனது. தேனியின் 2019 மக்களவைத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது 2023 ஜூலையில். அடுத்த மாதமே தடை, 2024ல் பதவிக்காலம் முடிந்தது. எங்கள் பேங்கில் செக் மூன்று மாதத்தில் காலாவதி. இந்த மனுக்கள் கோர்ட்டிலேயே காலாவதி ஆகின்றன.

ஆறு மாதம் என்பது முயற்சியாக இல்லாமல் கட்டாயமாக வேண்டும், மேல்முறையீட்டுக்கு இன்னொரு மூன்று மாதம். நீதிபதி பற்றாக்குறை என்பார்கள். ஒரு பொதுத் தேர்தலுக்குப் பின் ஒரு வருஷம் மட்டும் இதையே பார்க்க ஒவ்வொரு உயர் நீதிமன்றத்திலும் சில பேரை ஒதுக்கினால் குடி முழுகிப் போகாது.

தாமதத்தின் இன்னொரு கெடுதலும் 1975லேயே தெரிந்தது. நாலு வருஷம் ஊறிய அதிகாரம் தீர்ப்பைச் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. ஜூன் 24ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தார்: பிரதமராக இருக்கலாம், சபையில் பேசலாம், எம்.பி.யாக ஓட்டுப் போடக் கூடாது. மறுநாள் ராத்திரி எமர்ஜென்சி. ஆகஸ்டில் தேர்தல் சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்தினார்கள். வேட்பாளர் என்றால் யார், ராஜினாமா எந்தத் தேதியிலிருந்து என்பதெல்லாம் மாறியது. அதோடு பிரதமரின் தேர்தலை எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்று 39வது அரசியல் சட்டத் திருத்தம், நாலே நாளில். நவம்பர் 7ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தின் முக்கியப் பகுதியை அடித்தது. ஆனால் முன்தேதிச் சட்டத்தை ஏற்று, அவர் தேர்தல் செல்லும் என்றது. ஆக, செல்லாத தேர்தல் கடைசியில் செல்லுபடியாகி விட்டது! 1977ல் ரேபரேலி மக்கள் 55,202 ஓட்டில் அவரைத் தோற்கடித்தார்கள், அதே ராஜ் நாராயணிடம்.

பெரியவருக்குப் போன் பண்ணி இவ்வளவையும் சொன்னேன். பாட்டி கதையைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, நோட்டு விஷயத்தில உங்க கட்சி ஜெயிச்சதா வெச்சுக்குவோம்" என்றார். பிறகு, "இந்த மனுவை தோத்த வேட்பாளர்தான் போடணுமா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அந்தத் தொகுதி வாக்காளர் யார் வேணும்னாலும் போடலாம். 45 நாளுக்குள்ள. 2,000 ரூபா டெபாசிட் கட்டணும்."

"ரெண்டாயிரம் தானே?"

"அது டெபாசிட் மட்டும். வக்கீல் பீஸ் தனி சார்."

"என் மருமகனே வக்கீல்தான் தம்பி" என்று சொல்லி வைத்து விட்டார்.