தங்க வயலும் அட்ரீனல் சுரப்பியும்

கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்குச் சென்றது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிற்று. வியர்வையில் உப்பு மிகுதியாக வீணாகாதபடி தொழிலாளரின் உடலைக் காத்தவை, சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள்.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நுரையீரலில் படிந்த சிலிக்காத் தூசு நீங்கவில்லை. தூசு படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதிற் பற்றும். அக்கிருமி இரத்தத்தின் வழியே சென்று அட்ரீனலை அழிப்பதும் உண்டு. 1855-இல் தாமஸ் அடிசன் விவரித்த நோய் இவ்வாறும் தோன்றுகிறது. அரிய நோய்தான், ஆயினும் இந்தியாவில் அதன் முக்கியக் காரணங்களுள் காசநோய் இன்றும் ஒன்று.

ஆகவே, காசநோய் கண்டு தேறிய முன்னாள் தொழிலாளி ஒருவர் மெலிந்து, எழுந்து நின்றால் தலைசுற்றி, உப்பை விரும்பி உண்பாராயின், அதனை மூப்பின் தளர்ச்சியென்று ஒதுக்குவது பெருந்தவறு. மேனி கறுத்தால் வெயிலென்று வீட்டார் எண்ணிவிடுவர். களப்பணியாளர் ஈறுகளையும் உள்ளங்கை ரேகைகளையும் பார்த்து, அக்கருமை புதிதா என்று வினவுதல் வேண்டும். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இரத்த அழுத்தத்தை அளக்கச் சில நிமிடங்களே போதும். காலை இரத்தத்தில் கார்ட்டிசால் அளவைச் சோதிப்பது மருத்துவரின் பொறுப்பு.

நோய் உறுதியானால் மாத்திரை வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். அதனைத் திடீரென நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. காய்ச்சல் கண்டால் மருத்துவர் கூறியபடி அளவைக் கூட்டவும் வேண்டும். இவ்விரண்டையும் மாணவர் வாயிலாக வீடுகளுக்கு எட்டச் செய்வது ஆசிரியர்க்கு எளிது.