பழி லினக்ஸ் மேலா?

"லினக்ஸ் போட்டா ஃபைல் எல்லாம் போயிடும் சார்" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். என் முப்பது வருட வினாத்தாள்கள் போனது லினக்ஸால் அல்ல. 500 ஜிபி முழுவதையும் ஒரே சி டிரைவாக வைத்திருந்தேன். கடைக்காரர் கேட்காமலே ஃபார்மட் அடித்தார்.

எல்லாப் பாடத்தையும் ஒரே நோட்டில் எழுத விடுவோமா? விண்டோஸுக்கு ஒரு பகுதி, லினக்ஸுக்கு 50 ஜிபி இஎக்ஸ்டி4, நம் கோப்புகளுக்குத் தனியே என்டிஎஃப்எஸ். இஎக்ஸ்டி4-ஐ விண்டோஸ் தானாகப் படிக்காது. என்டிஎஃப்எஸ்ஸை லினக்ஸ் படிக்கும், எழுதும். ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாது.

எப்படிப் பிரித்தாலும் டிஸ்க் ஒன்றுதான். வெளியே ஒரு நகல் வையுங்கள். நான் வைக்கவில்லை, அது என் தப்பு, லினக்ஸின் தப்பல்ல.