ஒப்பாரிக்குச் சுருதித் திருத்தம் எதற்கு?

விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் மாணவருட் சிலர், பாட்டிமாரின் தாலாட்டையும் ஒப்பாரியையும் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்து வருகின்றனர். பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களிலும் மொனராகலை இறப்பர்த் தோட்டங்களிலும் அப்பாடல்களை அறிந்தோர் முதுமையெய்திவிட்டனர். ஆதலின் இம்முயற்சி போற்றத்தக்கதே. ஆயின் பதிவு கணினியில் ஏறியபின் நிகழ்வது போற்றத்தக்கதன்று. கிடைத்த ஒலிவிளைவுகள் யாவும் ஒன்றன்மேல் ஒன்றாய் அதன்மீது கொட்டப்படுகின்றன. இறுதியில் தேவாலய மண்டபமொன்றில் யாரோ ஒரு முகமற்ற பாடகி பாடுவதாகவே கேட்கிறது.

இதனை நவீனமயமாக்கல் என்கின்றனர். கருவியை அறியாமையே இதன் காரணம் என்பது எமது வாதம்.

சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் திரட்டி எழுத்தில் ஏற்றினார். சொற்கள் பிழைத்தன. ஆனால் பாடுவோரின் மூச்சையும் இழுவையையும் விம்மலையும் ஏடு தாங்காது. அவற்றைத் தாங்கவல்லது ஒலிப்பதிவு ஒன்றே. ஏட்டால் இயலாததை ஒலிப்பதிவிற் பெற்றபின், அதனையே நாம் அழிப்போமாயின் பதிவுசெய்ததன் பயன் யாது?

எல்லா விளைவுகளும் தீயவை என்று கூறினோமல்லோம். லயத்துக் காம்பராவின் நிலையை நோக்குக. பத்தடி அகல அறையில் ஒலி எதிர்ச்சுவரைத் தொட்டு மீள ஏறத்தாழ 18 மில்லி செக்கன் போதும். அம்மறுஒலியைச் செவி தனியே பிரித்தறியாது. அது குரலோடு கலந்து, பெட்டிக்குள்ளிருந்து பாடுவது போன்ற மந்தத்தை உண்டாக்கும். இது அறை செய்த குற்றம், பாடியவர் செய்ததன்று. சுவரிற் கம்பளியைத் தொங்கவிட்டு, தொலைபேசியை ஒரு சாண் தூரத்தில் வைத்தால் அதிற் பெரும்பகுதி குறையும். எஞ்சியதை ஈக்குவலைசர் எனப்படும் சமப்படுத்தி கவனிக்கும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெண்குரலின் ஒலி ஏதுமில்லை. அங்குள்ள வாகன இரைச்சலையும் கைபட்ட அதிர்வையும் தயங்காது வெட்டலாம். 300 முதல் 500 வரையிலான பகுதியைச் சற்றுத் தாழ்த்தினால் மந்தம் அகலும். 2000 முதல் 4000 வரை சிறிது உயர்த்தினால் மெய்யெழுத்துகள் தெளியும்.

கொம்பிரசர் எனப்படும் அமுக்கியும் அத்தகையதே. நான்குக்கு ஒன்று என அமைத்தால், குறித்த எல்லையை 8 டெசிபல் தாண்டிய ஒலி 2 டெசிபல் மட்டுமே தாண்டியதாக வெளிவரும். ஓங்கிய கதறலுக்கிடையே தாழ்ந்த சொல்லும் கேட்கும். ஆயின் அளவு மிஞ்சினால் முணுமுணுப்பும் கதறலும் ஒரே மட்டமாகும். தகரக் கூரையில் விழும் மழையும் பாட்டுக்கு நிகராய் மேலெழும்.

ரிவேர்ப் என்னும் எதிர்முழக்கம், இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டுவது. 1947இல் பில் புட்னம் குளியலறையின் முழக்கத்தையே இசைத்தட்டுக்குப் பயன்படுத்தினார். அது பொழுதுபோக்கு இசை. அங்கு இடம் ஒரு கற்பனை. காம்பராவிற் பிறந்த தாலாட்டுக்கோ அவ்விடமே சான்று. பேரளவு முழக்கத்தில் சொல்லும் மூழ்கும், இடமும் மறையும்.

இனிச் சுருதித் திருத்தி. 1997இல் அன்டாரெஸ் நிறுவனம் ஓட்டோ-டியூன் மென்பொருளை வெளியிட்டது. மறுவருடம் ஷெர் பாடிய ‘பிலீவ்’ அதன் இயந்திரத்தன்மையையே அழகாக்கிற்று. பாடகர் தெரிந்து தேர்ந்த கலை என்பதால் அதனை யாம் குறைகூறோம். ஆனால் வழமையான அமைப்பில் அக்கருவி அறிந்தது ஒரு ஸ்தாயியைச் சமமாய்ப் பகுத்த 12 படிகளை மட்டுமே. ஒப்பாரியின் உயிரோ அப்படிகளுக்கிடையே வழுக்கும் இழுவையில் உள்ளது. விம்மலைக் கருவி பிழையென எண்ணி அருகிலுள்ள படியில் ஏற்றிவைக்கும். இழவுவீட்டில் அழுபவளை ‘நேராக அழு’ என்று அதட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

“இன்றைய செவிக்கேற்ப இனிமையாக்காவிடின் எவர் கேட்பார்?” என வினவுவோர் உளர். தெளிவு வேறு, ஒப்பனை வேறு. சொல் விளங்கினால் கேட்போர் கேட்பர். கொழுந்துக் கூடையோடு மலையேறிய மூச்சு அப்பாடலில் இரைக்கிறதெனில், அவ்விரைப்பும் வரலாறே. தோட்ட மக்களின் குடிவரவுக்கு 200 ஆண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். அவ்வரலாற்றின் குரலைப் பிறர் செவிக்கு அஞ்சி மாற்றுவது தாழ்வுமனப்பான்மையின் பாற்படும்.

ஆகவே விதி ஒன்றே: அறையும் ஒலிவாங்கியும் செய்த பிழையைத் திருத்துக, குரல் செய்ததைத் தொடாதொழிக. மூலப்பதிவைக் கைபடாது தனியே பேணுக. எந்த விளைவை எவ்வளவு சேர்த்தோம் என்பதைப் பதிவோடு எழுதி வைக்குக. நாளை ஆய்வாளர் ஒருவர் அப்பதிவைத் திறக்கும்போது அவர் கேட்கவேண்டியது பாட்டியின் குரலை. நமது கணினியின் திறமையை அன்று.