‘அதுக்கு என்ன தெரியும்?’

கைக்குழந்தை முன்னால் எதையும் பேசலாம், எப்படியும் சண்டை போடலாம், வயிறு நிறைந்து தூங்கினால் போதும். ‘அதுக்கு என்ன தெரியும்?’ புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலும் இதே பேச்சுதான், படித்தவர்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். குழந்தை வளர்ப்பில் இதைவிடக் கெடுதலான நம்பிக்கை வேறில்லை.

அறிஞர்களும் இதற்கு விலக்கல்ல. பச்சிளங்குழந்தைக்கு உலகம் ஒரே இரைச்சலும் குழப்பமும்தான் என்று 1890-இல் எழுதினார் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். கண்ணுக்கு மறைந்த பொருள் இருக்கிறது என்பதே எட்டு மாதம் வரை குழந்தைக்குப் பிடிபடாது என்றார் குழந்தை உளவியலாளர் பியாஜே. அவர்களைத் திருத்தியவர்கள் குழந்தைகளே.

1992-இல் கரென் வின் என்ற அமெரிக்க உளவியலாளர், ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மையைக் காட்டித் திரையால் மறைத்தார். இன்னொரு பொம்மை திரைக்குப் பின்னால் போவதையும் காட்டினார். திரை விலகியபோது இரண்டு பொம்மைகள் இருந்தால் குழந்தைகள் சீக்கிரம் முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒன்றுதான் இருந்தால் நெடுநேரம் உற்றுப் பார்த்தன, இரண்டை எதிர்பார்த்து ஏமாந்ததுபோல.

வெறும் வேடிக்கைதானே என்று கேட்டவர்களுக்கு, 2006-இல் ஆண்ட்ரியா பெர்கரின் ஆய்வுக் குழு பதில் சொன்னது. அதேபோன்ற பொம்மைக் காட்சியைக் காட்டி 6 முதல் 9 மாதக் குழந்தைகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தபோது, தப்பான விடையைப் பார்க்கும் பெரியவர்களின் மூளையில் எழும் அதே வகை அலை அங்கேயும் எழுந்தது. 2015-இல் ஸ்டால், ஃபைகென்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 11 மாதக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். பந்து சுவரை ஊடுருவியதுபோல் காட்டினால், பந்தைத் தட்டிப் பார்த்தன. பொம்மைக் கார் அந்தரத்தில் நின்றதுபோல் காட்டினால், காரைக் கீழே போட்டுப் பார்த்தன. எது புதிரோ அதற்கேற்ற சோதனை! நம் வீட்டில் கரண்டியைத் திரும்பத் திரும்பக் கீழே போடும் குழந்தைக்குக் கிடைப்பது கையில் ஓர் அடி.

இதைக் கேட்டதும் ஆறு மாதப் பிள்ளைக்குக் கணக்கு வகுப்பு என்று கடை விரிக்க வேண்டாம். குழந்தை நம்மைப்போல் கணக்குப் போடுகிறது என்பதல்ல இதன் பொருள். அது ஒன்றை எதிர்பார்க்கிறது, நடப்பது வேறாக இருந்தால் கவனிக்கிறது, கவனித்ததிலிருந்து கற்கிறது. அதற்கு எண் அட்டையும் வேண்டாம், செல்போனும் வேண்டாம். முந்தானையில் முகத்தை மறைத்துச் சட்டென்று எட்டிப் பார்க்கும் பாட்டி போதும். பிள்ளை ‘ங்கா’ என்றால் திருப்பிப் பேச ஓர் ஆள் போதும்.

அந்த ஆள்தான் பல வீடுகளில் இல்லை. தாய் ஷிப்டுக்குப் போக, குழந்தை அக்கம்பக்கத்தில் கிடக்கிறது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று மகப்பேறு நலச் சட்டம் 2017-இலேயே திருத்தப்பட்டது. அங்கன்வாடித் திட்டமோ 1975-இல் தொடங்கியது. ஆனாலும் மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குச் சத்துமாவும் தடுப்பூசியும் போதும் என்ற நினைப்பு நம்மை விடவில்லை. மூளைக்கும் பசிக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்று பிள்ளையைத் திட்டும்போது மட்டும் சொல்கிறோம். தொட்டிலில் கிடப்பது கவனித்துக்கொண்டே இருக்கிறது என்பதை முதலில் நம்புங்கள். காப்பகம் எங்கே என்று முதலாளியைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையிடம் பேசுங்கள். அதுக்குத் தெரியும்.