சோறும் உரிமையும்

மக்களின் பசி தீரும்வரை உரிமைப் பேச்சு காத்திருக்கட்டும் என்னும் வாதம் ஆசிய அரசியலில் அறுபது ஆண்டுகளாக ஒலித்து வருகிறது. அதற்குச் சான்றாக முதலில் நிறுத்தப்படும் நாடு தென்கொரியா. போரில் சிதைந்த வறிய நாட்டைத் தளபதி ஒருவர் இரும்புக்கரம் கொண்டு தொழில்நாடாக்கினார். செல்வம் பெருகியதும் மக்களாட்சி தானே மலர்ந்தது என்று சொல்லப்படுகிறது. இக்கதையின் முற்பாதியில் உண்மை உண்டு. பிற்பாதியோ உயிர் கொடுத்தவர்களை மறைக்கும் பொய்.

1961 மே மாதம் ஆட்சியைக் கைப்பற்றிய பார்க் சுங் ஹீ, அவ்வாண்டிலேயே வங்கிகளை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தார். ஏற்றுமதி செய்து காட்டிய நிறுவனத்துக்கே மலிவான கடன் கிடைத்தது. 1964-இல் 10 கோடி டாலரைத் தொட்ட ஏற்றுமதி, 1977-இல் 1,000 கோடி டாலரை எட்டியது. இச்சாதனையைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமன்று. ஆயினும் அதன் வேர் பார்க்கின் ஆட்சிக்கு முற்பட்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் பெருநிலக்கிழார்களின் ஆதிக்கத்தை முறித்தது. குத்தகைக்கு உழுதவன் நிலத்துக்கு உரியவனானான். அவன் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளர் திரள், 1960-களின் ஆலைகளுக்கு ஆயத்தமாகக் கிடைத்தது இவ்வாறுதான்.

சர்வாதிகாரமே வளர்ச்சியின் தாய் என்போர் பிலிப்பைன்ஸை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பார்க் தம் பதவிக்கு முடிவில்லாதபடி யூசின் அரசமைப்பைத் திணித்த அதே 1972-இல்தான் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோசும் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். 1983-இல் அயல்நாட்டுக் கடனைத் திருப்ப இயலாமல் மணிலா கைவிரித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் பொருளாதாரம் சுருங்கியது. இரு நாடுகளிலும் சிறைகள் நிறைந்தன. ஆலைகள் ஒன்றில்தான் பெருகின.

அந்த ஆலைகளுக்குள் என்ன நடந்தது? சியோல் நகரின் பியோங்வா சந்தையில் தையற்கூடங்கள் நெருங்கியிருந்தன. ஒரு தளத்தின் உயரத்தைப் பலகையிட்டு இரண்டாகப் பிரித்த, நிமிர்ந்து நிற்க இயலாத மாடங்களில், பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமியர் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் குனிந்திருந்தார்கள். துணித்தூசி அவர்களின் நெஞ்சை அரித்தது. துணி வெட்டும் தொழிலாளியான ஜோன் தே இல், தம் பேருந்துக் காசில் அச்சிறுமியருக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, இரவில் நெடுந்தொலைவு நடந்தே வீடு திரும்புவார். எட்டு மணி நேர வேலையை விதித்த தொழிலாளர் சட்டம் 1953 முதலே ஏட்டில் இருந்தது. அதை அறிந்ததும் சட்டநூலைத் தேடி வாங்கினார்; சீன எழுத்துகள் மண்டிய அதன் வாசகம், பள்ளிப்படிப்பு இடையில் நின்றுபோன அவருக்குப் பெருஞ்சுமையாயிற்று. ஆயினும் எழுத்தெழுத்தாகப் படித்தார். சக தொழிலாளரிடம் வினாத்தாள் கொடுத்து, வேலை நேரத்தையும் நோய்களையும் திரட்டி அரசு அலுவலகத்தில் மனு கொடுத்தார். பயனில்லை. 1970 நவம்பர் 13 அன்று, அச்சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு முழங்கியபடி தம் உடலில் தீ வைத்துக்கொண்டார். வயது 22.

அரசின் மறுமொழி அடுத்த ஆண்டு இறுதியில் வந்தது. நாட்டுப் பாதுகாப்பின் பெயரால் இயற்றப்பட்ட சிறப்புச் சட்டம், கூட்டுப்பேரத்தையும் வேலைநிறுத்தத்தையும் முடக்கியது. கூலியைத் தாழ்த்தி வைத்தல் பொருளாதாரக் கொள்கை. அதை எதிர்க்கும் வாயை அடைத்தல் அரசியல். இரண்டையும் பிரித்துப் பார்க்க அங்கு இடமே இல்லை.

செயற்கை முடி செய்த ஒய்.எச். நிறுவனத்தின் கதை இதனினும் துலக்கமானது. 1970-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் செயற்கை முடி தென்கொரியாவின் முதன்மை ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்று. சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள் அதைப் பின்னினார்கள். தம்பியரின் பள்ளிச் செலவுக்குப் பணம் அனுப்பினார்கள். சந்தை சரிந்தது, ஆலை மூடப்பட்டது. 1979 ஆகஸ்டில் ஏறத்தாழ 190 பெண்கள் எதிர்க்கட்சியின் தலைமையகத்தில் தஞ்சம் புகுந்தனர். 11-ஆம் நாள் விடியுமுன் காவல்படை உள்ளே நுழைந்து அடித்து இழுத்துச் சென்றது. கிம் கியோங் சுக் என்னும் இளந்தொழிலாளி இறந்தார். எதிர்க்கட்சித் தலைவர் கிம் யங் சாம் நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அக்டோபரில் அவருடைய சொந்த மண்டலமான பூசானும் மாசானும் கொதித்தெழுந்தன. எண்ணெய் விலையேற்றமும் புதிய மதிப்புக்கூட்டு வரியும் அங்குள்ள சிறு வணிகரையும் தொழிலாளரையும் நசுக்கியிருந்தன. வெறும் மாணவர் கலகமன்று, பொதுமக்களின் எழுச்சி என்று பூசானில் நேரில் கண்டு திரும்பிய உளவுத்துறைத் தலைவரே அக்டோபர் 26 இரவு பார்க்கைச் சுட்டுக் கொன்றார். மூடிய ஆலையொன்றின் பெண்கள் தஞ்சம் புகுந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

விடுதலை அப்போதும் வரவில்லை. வந்தது தளபதி சுன் டூ ஹுவானின் படை. 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் மக்களாட்சி கோரியவர்களின் குருதி ஓடியது. பிறகு 1987 சனவரியில் பார்க் ஜோங் சுல் என்ற மாணவர் காவலர்களின் சித்திரவதையில் இறந்தார். சூன் மாதத் தெருக்களில் மாணவர்களோடு கழுத்துப்பட்டி அணிந்த அலுவலக ஊழியரும் நின்றனர். வளர்ச்சி உருவாக்கிய நடுத்தர வகுப்பு அது. அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்கு ஆட்சி இணங்கியது. பல நூல்கள் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகின்றன. நம் பார்வையில், அடுத்து வந்த மூன்று மாதங்களே முதன்மையானவை. உல்சான் முதலிய தொழில்நகரங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள் மூண்டன. உல்சான் கப்பல்தளத் தொழிலாளர் கேட்டவற்றுள் கூலி உயர்வு மட்டுமா இருந்தது? தலைமுடி வெட்டும் உரிமை தமக்கே வேண்டும் என்பதும் இருந்தது. ஆலை வாயிலில் முடியின் நீளத்தைச் சோதித்து வெட்டிவிடும் வழக்கத்தை அவர்கள் அதுவரை பொறுத்திருந்தார்கள்.

கூலி உயர்ந்தது, சங்கங்கள் பெருகின. அச்சுறுத்தியோர் சொன்னபடி நாடு நலிந்ததா? 1988-இலும் வளர்ச்சி 10 விழுக்காட்டைத் தாண்டியது. அவ்வாண்டு குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தது. 1989-இல் மருத்துவக் காப்பீடு எல்லா மக்களுக்கும் விரிந்தது. 1987 அரசமைப்பின் 119-ஆம் பிரிவு, பொருளாதாரத்தை மக்களாட்சிப்படுத்த ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. அப்பிரிவு பெருங்குழுமங்களை முழுதும் கட்டுப்படுத்திவிடவில்லை. அரசியல்வாதிகளின் துணையோடு பெற்ற கடனில் ஊதிப்பெருத்த ஹன்போ எஃகு நிறுவனம் 1997 தொடக்கத்தில் கவிழ்ந்ததும், ஆண்டிறுதியில் நாடே பன்னாட்டு நிதியத்தின் வாயிலில் நின்றதும், பழைய ஆட்சி விட்டுச்சென்ற நோயின் விளைவுகள்.

1970-களில் சொங்னாம் நகரின் ஆலைகளில் சிறுவனாக உழைத்து, அழுத்து எந்திரத்தில் சிக்கிக் கை ஊனமுற்ற லீ ஜே மியுங், 2025 சூனில் அந்நாட்டின் அதிபரானார். மூன்று மாதங்களுக்குள், துணை ஒப்பந்தத் தொழிலாளர் தம் வேலையை உண்மையில் ஆளும் பெருநிறுவனத்தோடு பேரம் பேச வழிவிடும் சட்டம் நிறைவேறியது. முதலீடு வெளியேறிவிடும் என்று தொழிலதிபர் அமைப்புகள் எதிர்த்தன.

அதே அச்சத்தைத் தமிழகத்தில் நாமும் கேட்டிருக்கிறோம். சாம்சங் குழுமத்தை நடைமுறையில் வழிநடத்திய துணைத்தலைவர் 2020 மே மாதம் சியோலில் மக்கள்முன் மன்னிப்புக் கேட்டு, சங்கமில்லா நிர்வாகத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். நான்காண்டுகள் கழித்துச் சென்னையை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் அக்குழுமத்தின் தொழிலாளர் தம் சங்கத்துக்கு ஏற்பு வேண்டி 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. சங்கத்தின் பதிவு 2025 சனவரியில்தான், அதுவும் உயர்நீதிமன்றம் வரை சென்ற பிறகே கிடைத்தது. 1926 முதல் நம் சட்டத்தில் உள்ள உரிமை இது. திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை விரிந்துள்ள ஆலைகளில், நீதிமன்றப் படியேறாமல் சங்கங்கள் பதிவு பெறவும், ஒப்பந்தத் தொழிலாளர் கூட்டுப்பேர மேசையில் அமரவும் வழிசெய்வது தமிழக அரசின் கடமை. முதலீட்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திடும்போதே அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.