இணையத்தில் எந்த ஊர்ச் சட்டம் செல்லும்?

ஊருக்கு ஒரு சட்டம் என்பது பழைய வழக்கம்தான். பிரான்சில் குற்றமாக இருப்பது அமெரிக்காவில் உரிமையாக இருக்கும். நடுவில் கடல் இருந்தவரை இதனால் பெரிய வம்பு வரவில்லை. இணையம் வந்து அந்தக் கடலைத் தூர்த்துவிட்டது.

பெரிய வம்பு ஒன்று யாகூவுக்கு வந்தது. அதன் ஏலத் தளத்தில் ஹிட்லர் காலத்து நாஜி சின்னங்கள், பதக்கங்கள் விற்பனைக்கு வந்தன. பிரான்சில் இவற்றைக் காட்சிக்கு வைப்பதே குற்றம். இரண்டு அமைப்புகள் பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போயின. யார் எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கைவிரித்தது யாகூ. ஆனால் பிரான்சிலிருந்து வருபவர்களுக்குப் பிரெஞ்சு விளம்பரம் மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது! நீதிபதி அதைக் கவனித்துவிட்டார். ஐபி முகவரியை வைத்தே சுமார் 70 சதவீதம் பேரை அடையாளம் காணலாம் என்று நிபுணர் குழுவும் சொன்னது. 2000 நவம்பரில் தீர்ப்பு வந்தது: பிரான்சிலிருந்து வருபவர்களைத் தடுக்க வேண்டும், 3 மாதத்துக்குள் செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 1 லட்சம் பிராங்க் அபராதம்.

2001 ஜனவரியில் யாகூ என்ன செய்தது? பிரான்சுக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே அந்தப் பொருட்களை ஏலத்திலிருந்து எடுத்துவிட்டது. இது தன் சொந்த முடிவு என்றும் சொல்லிக்கொண்டது. அமெரிக்காவில் அது தொடுத்த வழக்கும், பேச்சுரிமைக் கேள்விக்கு விடை சொல்லாமலே 2006-ல் தள்ளுபடியானது.

நாஜி பதக்கம் விற்பனையிலிருந்து போனதற்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் அதே வழியில் அடுத்து என்ன வரும்? ஓர் அரசைக் கிண்டல் செய்யும் கேலிச்சித்திரம் அந்த நாட்டில் குற்றம் என்றால், அதை உலகம் முழுவதும் நீக்கச் சொல்ல அந்த அரசுக்கும் இதே நியாயம் கிடைத்துவிடும். எல்லா நாட்டுச் சட்டமும் எல்லோர் மீதும் பாய்ந்தால், கடைசியில் மிஞ்சுவது மிகக் கடுமையான சட்டம் மட்டும்தான்.

அதற்காக எந்த நாடும் தலையிடவே கூடாது என்பதும் சரியில்லை. 2002-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் கட்னிக் வழக்கு வந்தது. கட்டுரை இருந்த கணினி அமெரிக்காவின் நியூஜெர்சியில், பெயர் கெட்டதாகப் புகார் சொன்னவரோ மெல்போர்ன்காரர். படிக்கப்பட்ட இடத்தில்தான் அவதூறு நடக்கிறது, அங்கேயே வழக்குப் போடலாம் என்றது நீதிமன்றம். உள்ளூரில் மானம் போனவரை நியூஜெர்சிக்குப் போய் வழக்காடு என்று சொல்வது என்ன நியாயம்?

ஆக, கேள்வி தலையிடலாமா என்பதல்ல. எதுவரை என்பதுதான்.

இதில் ஐரோப்பிய நீதிமன்றமே ஒரு பக்கமாக நிற்கவில்லை. 2019 செப்டம்பர் 24 அன்று, மறக்கப்படும் உரிமைக்காகக் கூகுள் தன் தேடல் முடிவுகளை உலகம் முழுவதும் நீக்க வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றது. 9 நாள் கழித்து ஃபேஸ்புக் வழக்கில், அவதூறை உலகம் முழுவதும் நீக்கச் சொல்ல உறுப்பு நாட்டு நீதிமன்றங்களுக்கு ஐரோப்பியச் சட்டம் தடையில்லை என்றது!

2024-ல் ஆஸ்திரேலியா மறுபடி சோதித்தது. சிட்னி தேவாலயத்தில் ஆயர் கத்தியால் குத்தப்பட்ட காணொளியை எக்ஸ் தளம் ஆஸ்திரேலியாவுக்குள் மறைத்தது. உலகம் முழுவதும் மறைக்க வேண்டும் என்றார் இணையப் பாதுகாப்பு ஆணையர். அந்த இடைக்காலத் தடையை நீட்டிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. விபிஎன் போட்டால் உள்ளூரிலும் பார்க்கலாமே என்ற வாதம் உண்மைதான். ஆனால் சிலர் வேலி தாண்டுகிறார்கள் என்பதற்காக, அடுத்தவர் வயலையும் சேர்த்து வளைத்துப் போட முடியுமா?

தன் எல்லைக்குள் மறைக்கச் சொல்லும் உரிமை ஒரு நாட்டுக்கு இருக்கட்டும். அதோடு முடியட்டும். மறைப்பதையும் ஒளிக்காமல் செய்யட்டும். சட்டத்தால் தடுக்கப்பட்ட பக்கத்துக்கென்றே 451 என்ற பிழை எண் 2015-ல் ஏற்கப்பட்டது. பக்கமே இல்லை என்னும் 404-க்குப் பதில் 451 வந்தால், தன்னிடமிருந்து எதையோ மறைக்கிறார்கள் என்றாவது குடிமகனுக்குத் தெரியும். தெரிந்தால்தானே ஏன் என்று கேட்க முடியும்?