சாபமுமில்லை, பரிகாரமுமில்லை

நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளை இணையத்தின் வழியே விற்றுவரும் நண்பர் ஒருவர், வீட்டில் ஏதோ அசம்பாவிதம் நேர்ந்துவிட்டதைப் போன்ற முகத்துடன் ஒரு நாள் காலையில் வந்து உட்கார்ந்து, "கூகுள் நம்மைத் தண்டித்துவிட்டது, சார்" என்றார். பழைய வெப்சைட்டைக் கலைத்துவிட்டுக் கண்ணைப் பறிக்கும் வர்ணங்களோடு புதியதொன்றை அமைத்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை. அதற்குள், ஊரின் பெயரையும் விளக்கின் பெயரையும் கொடுத்துத் தேடினால் முன்வரிசையில் வந்துகொண்டிருந்த கடை, கடையின் பெயரையே கொடுத்துத் தேடினாலும் அகப்படாத கதிக்கு வந்துவிட்டது. உடனே, தேடலில் தளங்களை முன்னுக்குக் கொண்டுவரும் வித்தையாகிய எஸ்.இ.ஓ.வில் நிபுணர் ஒருவரை நாடியிருக்கிறார். நிபுணரோ, தளத்தின் உட்பகுதியை ஒரு முறை திறந்து பார்க்கும் சிரமத்தையும் மேற்கொள்ளாமல், கீவேர்டு பலம் இல்லை, பேக்லிங்க் பலம் இல்லை, கூகுளின் பார்வை சரியில்லை என்று ஜாதகம் கணிப்பவரைப் போலச் சொல்லி, மாதம் இவ்வளவு என்று ஆறு மாதத்துக்குப் பரிகாரம் எழுதிக்கொடுத்து, முன்பணமும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை நாங்கள் இருவருமாகத் தளத்தைத் திறந்து பார்த்தோம். அது வேர்ட்பிரஸில் கட்டப்பட்ட தளம். வேர்ட்பிரஸின் அமைப்புப் பக்கத்தில், இத்தளத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று தேடுபொறிகளைக் கேட்டுக்கொள்ளும் சிறு கட்டம் ஒன்று உண்டு. வேலை நடக்கும் காலத்தில் அரைகுறைப் பக்கங்கள் வெளியார் கண்ணில் பட வேண்டாம் என்ற நல்லெண்ணத்தோடு, தளத்தை அமைத்துக் கொடுத்தவர் அதில் டிக் போட்டிருக்கிறார். வேலை முடிந்தபின் எடுக்க மறந்துவிட்டார். நண்பர் தம் கடைக்கதவை உட்புறம் தாழிட்டுக்கொண்டு, வாடிக்கைக்காரர் வரவில்லையே என்று கிரக தோஷம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே விஷயம்.

இந்த விருத்தாந்தம் அபூர்வமானதாக இருந்தால் எழுத வேண்டிய அவசியமே இல்லை. வியாபாரிகளிடமும், பத்திரிகை நடத்துவோரிடமும், கல்வி ஸ்தாபனங்களின் நிர்வாகிகளிடமும், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. தேடுபொறி என்பது கோபதாபங்கள் நிறைந்த ஒரு தேவதை. அது பிரசன்னமானால் ரேங்க் ஏறும், முனிந்தால் இறங்கும். அதைச் சாந்தப்படுத்தும் ரகசிய யுக்திகள் சிலருக்கு மட்டுமே தெரியும். சில சொற்களைப் பன்முறை ஜபிப்பதும், பிற தளங்களிலிருந்து இணைப்புகளை விலைக்கு வாங்குவதுமே அந்த யுக்திகள் என்பது அந்த நம்பிக்கை. பிழையான நம்பிக்கைகள் உலகில் ஏராளம்; அவற்றையெல்லாம் கண்டித்துக்கொண்டிருக்க ஆயுள் போதாது. ஆனால் பிழையைக் கண்டுபிடிக்கும் வழியையே அடைத்துவிடுகிற நம்பிக்கையைச் சும்மா விட்டுவிடலாகாது. சாபம் என்று ஒருவன் தீர்மானித்துவிட்டானானால், அதன்பின் அவன் காரணத்தைத் தேடமாட்டான், பரிகாரத்தைத்தான் தேடுவான்.

நியாயமாகப் பேசுவதானால், இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. 1990-களில் இயங்கிய தேடுபொறிகள் சில, பக்கத்தின் தலைப்பகுதியில் வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைக்கப்படும் கீவேர்டு மெட்டா குறிப்பை ஓரளவு நம்பின. ஆகவே எதை விற்பவனும் எந்தச் சொல்லையும் அங்கே நிரப்பி வைத்தான். ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதைக் காட்டிலும், பிற பக்கங்கள் அதை எவ்வளவு சுட்டுகின்றன என்பதே நம்பத்தக்க சாட்சி என்ற எண்ணத்தின்மேல் பேஜ்ரேங்க் என்னும் கணக்கை அமைத்து, ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையின் மாணவர்களாயிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கியபோது, சொல் நிரப்பும் தொழிலுக்கு அடி விழுந்தது. விழுந்த இடத்திலேயே இணைப்பு விற்கும் தொழில் முளைத்தது. கீவேர்டு மெட்டா குறிப்பைத் தரவரிசைக்கு அறவே பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் பகிரங்கமாகவே அறிவித்துவிட்டது. அறிவித்து இத்தனை ஆண்டுகள் சென்ற பின்னும், அதே பெட்டியில் ஐம்பது சொற்களை நிரப்பிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கும் நிபுணர்கள் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள்.

யுக்திகளை நம்பிய பெரிய மனிதர்களின் கதி என்னவாயிற்று என்பதும் ரகசியமல்ல. தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும், வரும் மனிதருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டியதற்காக, பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் ஜெர்மன் தளம் 2006 பிப்ரவரியில் கூகுளின் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அந்தப் பக்கங்களை அப்புறப்படுத்திய பிறகே திரும்பச் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவின் பழைய வியாபார நிறுவனமாகிய ஜே.சி. பென்னிக்கு, அதன் சரக்குகளோடு ஸ்நானப் பிராப்தியும் இல்லாத பக்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் இணைப்புகள் நடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்திற்று. முதலிடத்தில் நின்ற பக்கங்கள் எழுபதாம் இடத்தை ஒட்டிப் போய் விழுந்தன. எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக் கம்பெனி தன் எஸ்.இ.ஓ. ஆலோசகர்களை விலக்கிற்று. மறு ஆண்டு ஏப்ரலில் பெங்குவின் என்ற பெயரோடு கூகுளின் கணக்கில் வந்த மாற்றம், விலைக்கு வாங்கிய இணைப்புகளை நம்பியிருந்த எத்தனையோ சிறு தளங்களை இறக்கிவிட்டது. பெரிய கம்பெனி ஆலோசகரை விலக்கிவிட்டு நிமிர்ந்துகொள்ளும். குத்துவிளக்கு விற்பவர் யாரை விலக்குவார்?

"ஆகவே தண்டனை உண்டு என்று நீரே ஒப்புக்கொண்டீரே" என்று ஒருவர் கேட்கலாம். உண்டு, ஆனால் அதைச் சோழி உருட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தள உரிமையாளர் எவரும் காசில்லாமல் பயன்படுத்தக்கூடிய சர்ச் கன்சோல் என்னும் கருவியில், மனிதர் பரிசீலித்து விதித்த நடவடிக்கைகளுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. தண்டனை விதிக்கப்பட்டிருந்தால் என்ன குற்றத்துக்காக என்று அங்கே எழுதியிருக்கும்; குற்றத்தை நீக்கிவிட்டு மறுபரிசீலனைக்கு மனுச் செய்துகொள்ளவும் அங்கேயே இடமுண்டு. ஒன்றும் எழுதப்படவில்லையானால் ஒருவரும் உம்மேல் வழக்குத் தொடுக்கவில்லை. கணக்கு மாறி உம் பக்கத்தின் மதிப்பு குறைந்திருக்கலாம், அயலார் பக்கம் மேலானதாக ஆகியிருக்கலாம். அவற்றைத் தண்டனை என்று சொல்வது, பரீட்சையில் வேறொரு பையன் அதிக மார்க் வாங்கியதைத் தனக்கு விழுந்த அடி என்று சொல்வதை ஒக்கும். ஒரே விஷயம் இரண்டு முகவரிகளில் இருந்துவிட்டால் தண்டனை வரும் என்று நடுங்குவோர் பலர்; சாதாரணமாக நேரும் அத்தகைய இரட்டிப்புக்குத் தண்டனை ஏதுமில்லை என்று கூகுள் 2008-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது.

தேடுபொறி செய்யும் காரியம் மூன்று படிகளில் நடப்பது. முதலில் அதன் ஊரும் நிரல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக்கு வந்து சேர வேண்டும். பிறகு பக்கத்தைப் படித்து இண்டெக்ஸ் என்னும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதற்கப்பால்தான் யாருக்கு எந்த இடம் என்ற விசாரணை. நிபுணர்களின் பரிகாரங்கள் யாவும் மூன்றாவது படியைப் பற்றியவை. என் அனுபவத்தில் வந்த வியாதிகளோ பெரும்பாலும் முதலிரண்டு படிகளில் இருந்தவை. வாசலுக்கே வந்து சேராதவனைப் பந்தியில் எந்த இடத்தில் உட்கார்த்துவது என்று விவாதிப்பது எவ்வளவு விவேகமோ, அவ்வளவு விவேகந்தான் பட்டியலிலேயே இல்லாத பக்கத்துக்குப் பேக்லிங்க் வாங்குவது.

வாசலில் நிற்கும் காவற்காரனிலிருந்து பார்ப்போம். தளத்தின் வேரில் ரோபோட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்றொரு சிறு கோப்பு இருக்கும். மார்ட்டைன் கோஸ்டர் என்பவர் 1994-இல் முன்வைத்த ஏற்பாடு அது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வெறும் வழக்காகவே நடந்துவந்து, 2022-இல்தான் முறையான இணையத் தரமாக எழுதப்பட்டது. அதில் ஒரே ஒரு சாய்கோடு தவறான இடத்தில் விழுந்துவிட்டால் தளம் முழுவதும் மூடப்பட்டுவிடும். இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. பட்டியலிலிருந்து ஒரு பக்கத்தை நீக்க விரும்புபவர், அந்தப் பக்கத்தில் "நோ இண்டெக்ஸ்" என்றும் எழுதி, காவற்காரக் கோப்பிலும் அதற்குத் தடை போட்டுவிடுகிறார். இரட்டைப் பூட்டு என்று அவர் நினைப்பு. தடையைக் கண்ட நிரல் வாசலோடு திரும்பிவிடுவதால், உள்ளே எழுதியிருக்கும் "சேர்க்காதே" என்ற வாசகத்தை அது படிப்பதே இல்லை. வேறெங்கோ உள்ள இணைப்புகளைக் கொண்டு முகவரியை மட்டும் பட்டியலில் வைத்துக்கொண்டாலும் வைத்துக்கொள்ளும்.

அடுத்தது விலாச மாற்றம். தளத்தைப் புதுப்பிக்கும்போது பக்கங்களின் முகவரிகள் மாறிவிடுகின்றன. வீடு மாறுகிறவன் தபாலாபீசில் புது விலாசம் எழுதிக்கொடுக்கிறான். தளம் மாறுகிறவரோ, பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் 301 என்ற நிரந்தரத் திருப்பத்தை அமைக்காமல், பத்து வருஷமாகச் சேர்ந்த மதிப்பையெல்லாம் 404 என்ற சூனியத்தில் கொட்டிவிட்டு, கூகுள் வஞ்சித்துவிட்டது என்கிறார். முகப்புப் பக்கத்துக்கே எல்லாவற்றையும் திருப்பிவிடும் சோம்பலும் உதவாது. காணாமற்போன பக்கம் காணாமற்போனதாகவே கருதப்படும். ஒரே சரக்குக்குப் பல முகவரிகள் இருக்கையில் இதுவே மூலம் என்று சுட்டுவதற்காக 2009-இல் ஏற்பட்ட கேனானிகல் குறிப்பை, வார்ப்புருவை எழுதியவர் அலட்சியத்தால் எல்லாப் பக்கத்திலும் முகப்புப் பக்கத்தை நோக்கியே வைத்துவிடுவதும் நான் கண்டதுண்டு. ஆயிரம் பக்கங்களும் "நான் நானல்ல, அவரே நான்" என்று அத்வைதம் பேசினால், தேடுபொறி அதை அப்படியே நம்பிவிட்டால் குற்றம் யாருடையது?

கைபேசியில் மறைத்துவைத்த விஷயம் கணினியில் பிரகாசிப்பதால் பயனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைபேசிக்குக் காட்டப்படும் வடிவத்தையே முதன்மையாகக் கொண்டு பட்டியலிடப் போவதாக 2016-இல் அறிவித்த கூகுள், 2023-இல் அந்த மாற்றத்தை ஏறக்குறைய முழுமையாக்கிவிட்டது.

தமிழில் தளம் நடத்துவோருக்கு இவை போதாவென்று தனிப்பட்ட ஒரு வியாதியும் உண்டு. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அச்சுக்காகத் தட்டெழுதிய கட்டுரைகளை அப்படியே இணையத்தில் ஏற்றி வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எழுத்துருவைப் பூண்ட கண்ணுக்கு "தமிழ்" என்று தெரிவது, உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. தேடுபொறி எழுத்துருவைப் பார்ப்பதில்லை, உள்ளிருக்கும் குறியீட்டையே பார்க்கிறது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் அரைப்புள்ளிகளைப் பரப்பி வைத்துவிட்டு, தமிழைத் தேடுபொறி மதிப்பதில்லை என்று மொழிப்பற்றோடு ஆத்திரப்படுவதில் அர்த்தமென்ன? கல்யாண மண்டபத்தின் வாடகை விவரம் முழுவதையும் வர்ணப் படமாக வரைந்து ஒட்டிவிட்டு, ஓர் எழுத்தும் எழுத்தாக இல்லாத பக்கத்துக்குக் கீவேர்டு தேடுவோரும் இந்த வகுப்பினரே.

"எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டேன், இருந்தும் மேலே வரவில்லையே" என்பவருக்கு ஆறுதலாகப் பொய் சொல்ல நான் விரும்பவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் பட்டியலில் சேர்ப்பதாகக் கூகுள் யாருக்கும் வாக்களித்ததில்லை. முன்வரிசையிலோ சொற்ப இடங்களே உண்டு. செய்த திருத்தத்தின் பலன் சில மணி நேரத்திலும் தெரியலாம், சில மாதங்களும் செல்லலாம். அப்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி கசப்பானது: ஆயிரம் தளங்களில் கிடைக்கும் அதே விளக்கத்தை ஆயிரத்தோராவதாக எழுதி வைத்திருக்கும் என் பக்கத்தை ஒருவர் ஏன் முதலில் படிக்க வேண்டும்? அந்த விளக்கை வார்க்கும் ஸ்தபதியின் பட்டறை, உலோகக் கலவை, எடை, சுத்தம் செய்யும் முறை ஆகிய வேறெவருக்கும் தெரியாத சங்கதிகள் என் நண்பருக்குத் தெரியும். அவர் தளத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

இத்துறையில் யோக்கியமான நிபுணர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்களை அடையாளம் காண்பதும் கடினமல்ல. அவர்கள் முதலில் சர்ச் கன்சோலைத் திறக்கச் சொல்வார்கள். முகவரியைச் சோதிக்கும் பெட்டியில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, கூகுள் அதைக் கடைசியாக எப்போது பார்த்தது, பட்டியலில் சேர்த்ததா, சேர்க்காவிடில் என்ன காரணம் கூறுகிறது என்று படித்துக் காட்டுவார்கள். சரிவு எந்தத் தேதியில் தொடங்கிற்று, அந்தத் தேதியையொட்டித் தளத்தில் யார் எதை மாற்றினார்கள் என்று விசாரிப்பார்கள்.

ஆகையால், பணப்பையைத் திறப்பதற்கு முன் வந்திருப்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்தப் பக்கம், எந்தத் தேதியிலிருந்து, எதனால் காணாமற்போயிற்று?" பதில் சொல்ல அவகாசம் கேட்டு, தளத்தைத் திறந்து பார்க்க உட்காருகிறவருக்குக் கேட்ட கூலியைக் கொடுக்கலாம். திறந்து பாராமலே முதலிடம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கிறவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.